நடந்தால் வலி, நின்றால் சரி: கால் ரத்தக்குழாய் அடைப்பு

"கொஞ்ச தூரம் நடந்தா கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்குது. நின்னா சரியாப் போயிடுது." காவிரி டெல்டா ஊர்களில் அறுபதைத் தொட்ட ஆண்களிடம் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. பக்கத்தில் இருப்பவர் வாதம் என்பார், இன்னொருவர் வயசு என்பார், மெடிக்கலில் நரம்பு ஊசி ஒரு கோர்ஸ் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். எண்ணெய் தேய்ப்பு, தவிட்டு ஒத்தடம் என்று மாதங்கள் ஓடிவிடும். ஆனால் நோய் என்னவென்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியில் கொழுப்பும் சுண்ணாம்புச் சத்தும் படிந்து குழாய் குறுகியிருக்கிறது. சும்மா இருக்கும்போது வருகிற ரத்தம் தசைக்குப் போதும். நடக்கும்போது தசை கேட்கிற அளவுக்கு வராது, அதனால் வலிக்கிறது.

கால் வலி என்று வருகிறவரிடம் எவ்வளவு வலிக்கிறது என்று கேட்பதில் பெரிய பலன் இல்லை. எப்போது வருகிறது, என்ன செய்தால் போகிறது என்று கேட்க வேண்டும். அடைப்பு வலி கணக்குப் பிசகாது. ஏறக்குறைய ஒரே தூரத்தில், ஒரே தசையில் வரும். நின்றால் சில நிமிடங்களில், அதிகம் போனால் 10 நிமிடத்துக்குள் அடங்கும். உட்கார வேண்டிய அவசியம் இல்லை. பாலம் ஏறினாலும் வேகமாக நடந்தாலும் முன்னதாகவே வந்துவிடும்.

முதுகுத்தண்டில் நரம்பு நெருங்கினாலும் நடக்கும்போது கால் வலிக்கும். அந்த வலி வெறுமனே நின்றால் போகாது. உட்கார வேண்டும், அல்லது எதையாவது பிடித்து முன்னால் குனிய வேண்டும். "சைக்கிள்ல எவ்வளவு தூரம் வேணாலும் போவேன், நடக்கத்தான் முடியல" என்கிறவருக்கு முதலில் முதுகைப் பார்ப்பது நல்லது. மூட்டுத் தேய்மானம் உட்கார்ந்து எழும் முதல் அடியிலேயே வலிக்கும். கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு வரும் தசை வலி இரண்டு காலிலும் இருக்கும், தொட்டால் வலிக்கும், நடக்கிற தூரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. இந்த வித்தியாசம் தெரியாமல், அடைப்பு வலியை மாத்திரை வலி என்று நினைத்து, அடைப்புக்கு மிகவும் தேவையான மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்கள்.

வெரிகோஸ் எனப்படும் நரம்புச் சுருட்டல் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டிய விஷயம், ஏனென்றால் இந்தக் குழப்பம் காலையே பறித்துவிடும். சுருட்டலில் மாலையில் கால் கனக்கும், வீங்கும், தலையணை மேல் தூக்கி வைத்தால் சுகமாக இருக்கும். அடைப்பில் நேர் எதிர்: தூக்கினால் வலி கூடும், தொங்கப்போட்டால் குறையும். சுருட்டல் புண் உள்கணுக்காலுக்கு மேலே வரும், கசியும். அடைப்புப் புண் விரல் நுனியில், குதிகாலில், செருப்பு உரசுகிற இடத்தில் வரும், வறண்டு வெளிறிக் கிடக்கும். சுருட்டலுக்கு இறுக்கமான சாக்ஸ் போடச் சொல்வார்கள். அதே சாக்ஸை அடைப்புள்ள காலில் மாட்டினால், வருகிற கொஞ்ச ரத்தமும் நின்று தோல் கருகும். பாதத்தில் நாடி பார்க்காமல் யாரும் அதை வாங்கி மாட்டக்கூடாது. கிரேப் பேண்டேஜ் இறுக்கிச் சுற்றுவதும் இதே தப்புதான்.

இவ்வளவும் வலி வருகிறவர்களைப் பற்றி. மருத்துவர்களுக்கு அதிகக் கவலை தருகிறவர்கள் வலியே வராதவர்கள். வயலுக்கு எக்ஸெல் மொபெட்டில் போய் எக்ஸெல்லில் திரும்புகிறவர் வலி வருகிற தூரம் வரை நடப்பதே இல்லை. சர்க்கரையால் நரம்பு மரத்துப்போனவருக்கு வலி இருந்தாலும் தெரியாது. சர்க்கரைக்காரர்களுக்கு அடைப்பு பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே உள்ள சின்னக் குழாய்களில்தான். தொடையில் நாடி நன்றாகத் துடிக்கும், பாதத்தில் இருக்காது. மேட்டூர் திறந்து ஆறு நிறைய ஓடினாலும் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத மாதிரிதான். இவர்களுக்கு முதல் அறிகுறியே ஆறாத புண்ணாகவோ கருத்த விரலாகவோ வரும். அதனால் சர்க்கரை உள்ளவர்கள், பீடி சுருட்டு பிடிப்பவர்கள், பிரஷர் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், 65 வயது தாண்டியவர்கள் வலிக்குக் காத்திருக்காமல் நாடி பார்த்துவிட வேண்டும்.

நாடியை வீட்டிலேயே பார்க்கலாம். காலைக் கொஞ்ச நேரம் கதகதப்பாக வைத்துக்கொண்டு படுக்கச் சொல்லுங்கள். பெருவிரலைத் தூக்கச் சொன்னால் பாதத்தின் மேல் ஒரு நரம்பு புடைக்கும் (உண்மையில் அது தசைநாண்). அதற்கு வெளிப்புறமாக, பாதத்தின் நடு மேட்டில் இரண்டு மூன்று விரல்களை லேசாக வையுங்கள். அழுத்தினால் நாடி நசுங்கிவிடும். கட்டைவிரலால் பார்த்தால் உங்கள் நாடியே உங்களுக்குத் துடிக்கும். இரண்டாவது இடம் உள்கணுக்கால் எலும்புக்குப் பின்னால், எலும்புக்கும் குதிகாலுக்கும் நடுவில் உள்ள பள்ளம். மேல்பாத நாடி சிலருக்குப் பிறவியிலேயே தட்டுப்படாது. அது மட்டும் இல்லையென்றால் பயப்பட வேண்டாம். ஒரே காலில் இரண்டு இடத்திலும் இல்லையென்றால் அடுத்த பரிசோதனைக்குப் போக வேண்டும்.

அதன் பெயர் ஏபிஐ. கணுக்காலில் எடுக்கிற பிரஷரைக் கையில் எடுக்கிற பிரஷரால் வகுப்பது, அவ்வளவுதான். ஊசி இல்லை, சாயம் இல்லை. 5 முதல் 10 நிமிடம் படுக்க வைத்துவிட்டு, இரண்டு கையிலும் இரண்டு கணுக்காலிலும் ரத்த ஓட்டத்தை ஒலியாகக் காட்டும் சின்ன டாப்ளர் கருவி வைத்துப் பிரஷர் பார்ப்பார்கள். கைகளில் எது அதிகமோ அதையும், அந்தக் கணுக்காலில் உள்ள இரண்டு நாடிகளில் எது அதிகமோ அதையும் எடுத்துக்கொள்வார்கள். கையில் 140, வலது கணுக்காலில் 84 என்றால் 84-ஐ 140-ஆல் வகுக்க 0.60. வலது, இடது இரண்டுக்கும் தனித்தனி எண் வரும். 1.0 முதல் 1.4 வரை சரி. 0.91 முதல் 0.99 வரை இரண்டும் கெட்டான். 0.90-ம் அதற்குக் கீழும் அடைப்பு. 0.40-க்குக் கீழே போனால் கால் ஆபத்தில் இருக்கிறது என்று பொருள். நடந்தால் நிச்சயமாக வலிக்கிறது, ஆனால் படுத்த நிலையில் எண் சரியாக இருக்கிறது என்றால் நடக்க வைத்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

பலர் ஏமாறுகிற இடம் மேல் எல்லை. சர்க்கரை நாள்பட்டவர்களுக்கும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் குழாய்ச் சுவரிலேயே சுண்ணாம்பு ஏறி, பிரஷர் பட்டையைக் காற்றடித்து இறுக்கினாலும் குழாய் நசுங்காது. கணுக்காலில் 210 காட்டும், விகிதம் 1.5 வரும். அதைப் பார்த்து ரத்த ஓட்டம் அமோகம் என்று சொல்லி அனுப்பிவிடக்கூடாது. 1.4-க்கு மேல் என்றால் அந்த எண்ணை நம்ப முடியாது என்றுதான் அர்த்தம். அப்போது பெருவிரலில் பிரஷர் எடுக்க வேண்டும். விரல் குழாய்கள் அவ்வளவாகச் சுண்ணாம்பு ஏறாதவை. விரலுக்கான விகிதம் 0.70-க்குக் கீழே இருந்தால் அடைப்பு. விரல் பிரஷர் 30-க்கும் கீழே போனால் அந்தப் பாதத்தில் புண் தானாக ஆறுவது கஷ்டம். டாப்ளர் ஸ்கேன் அடைப்பு எந்த இடத்தில் என்று சொல்லும். சிடி ஆஞ்சியோகிராம் பொதுவாக பலூனோ (குழாயை உள்ளிருந்து விரிப்பது) பைபாஸோ (அடைப்பைச் சுற்றி மாற்றுக் குழாய் வைப்பது) செய்யலாம் என்று யோசிக்கும் கட்டத்தில்தான் வேண்டும், எடுத்த எடுப்பில் வேண்டாம்.

அரசு மருத்துவமனைகளில் பாதம் பாதுகாப்போம் திட்டத்தில் சர்க்கரைக்காரர்களின் பாதத்தைப் பரிசோதிக்கிறார்கள். மாத்திரை வாங்க என்.சி.டி. (தொற்றா நோய்) பிரிவுக்குப் போகும் நாளிலேயே செருப்பைக் கழற்றி, காலையும் பாருங்கள் என்று கேட்டுவிடலாம். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறவர்களுக்கு இந்தச் சந்தர்ப்பம் தவறிப்போகிறது. அவர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது பாதத்தைக் காட்டப் போய்வர வேண்டும்.

சிகிச்சை என்று வரும்போது முதல் இடம் புகையிலைக்குத்தான். பீடி, சிகரெட், சுருட்டு மூன்றும் ஒன்றுதான். கும்பகோணத்துக் கொழுந்து வெற்றிலை காலை எதுவும் செய்யாது. அதோடு உள்ளே போகிற புகையிலைத் துண்டுதான் ஆகாது (சீவலும் வாய்க்கு நல்லதில்லை, அது வேறு கதை). "ஒரு நாளைக்கு ரெண்டுதான்" என்பது கணக்கில் சேராது. தொடர்ந்து புகைப்பவருக்கு பைபாஸ் போட்டாலும் அடைக்கும், ஸ்டென்ட் (குழாயை விரித்துப் பிடிக்கும் வலைக்குழல்) வைத்தாலும் அடைக்கும். நாற்பது வயதுக்குள் சர்க்கரை இல்லாத ஒரு பீடிக்காரருக்கு விரல் கருத்தால் அது பெரும்பாலும் பர்ஜர் நோய், புகையிலையால் கை கால் ரத்தக்குழாய்கள் அழன்று அடைபடுவது. அதற்குப் புகையிலையை அடியோடு விடுவதைத் தவிர உருப்படியான மருந்து கிடையாது. விட்டவர்களில் பெரும்பாலோர் காலோடு இருக்கிறார்கள். பர்ஜர் இல்லாத மற்றவர்கள் நிக்கோட்டின் சூயிங்கம் வைத்துக்கொண்டு விடலாம். பர்ஜர்காரருக்கு அந்த நிக்கோட்டினும் ஆகாது, மாத்திரை உதவியோடுதான் விட வேண்டும். 1800-11-2356 இலவச எண்ணில் தமிழிலேயே பேசி உதவி கேட்கலாம்.

அடுத்தது நடை. வலிக்கிற காலை ஏன் நடக்கச் சொல்கிறீர்கள் என்று எல்லாரும் கேட்பார்கள். தசை ரத்தம் கேட்டுத் தவிக்கும்போதுதான் பக்கக் குழாய்கள் விரிகின்றன. கிடைக்கிற பிராணவாயுவைத் தசை சிக்கனமாகப் பயன்படுத்தவும் பழகுகிறது. ஆனால் அளவு தெரிந்து நடக்க வேண்டும். 3 முதல் 5 நிமிடத்தில் வலி தொடங்குகிற வேகத்தில் நடங்கள். வலி ஆரம்பித்ததும் நிற்காதீர்கள். ஓரளவு கடுமையாகும் வரை தொடருங்கள். பிறகு நின்றோ உட்கார்ந்தோ வலி முழுதாகப் போகும் வரை இளைப்பாறுங்கள். மறுபடி நடங்கள். இளைப்பாறும் நேரத்தையும் சேர்த்து முதலில் 30 நிமிடம், வாரா வாரம் கூட்டி 45 முதல் 60 நிமிடம். வாரத்துக்குக் குறைந்தது 3 நாள், குறைந்தது 12 வாரம். வலியில்லாமல் 8 முதல் 10 நிமிடம் நடக்க முடிந்தால் வேகத்தைக் கூட்டுங்கள்.

டெல்டா மட்டமான ஊர், நடக்கத் தோது. வாய்க்கால் கரை, ஆற்றங்கரைச் சாலை எதுவும் சரி, ஒரே பாதையில் நடப்பது முக்கியம். மின்கம்பங்களை எண்ணிக்கொள்ளுங்கள். எத்தனாவது கம்பத்தில் வலி தொடங்கியது, எத்தனாவது கம்பத்தில் நின்றீர்கள் என்று காலண்டரில் குறித்து வையுங்கள். முதல் மாதத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். மூன்றாம் மாதம் கம்பக் கணக்கு தானே பேசும். வெயில் ஏறும் முன் முடித்துவிடுங்கள், மூடிய செருப்போ ஷூவோ போடுங்கள். பாதத்தில் புண் இருக்கிறவர்களும், படுத்திருக்கும்போதே கால் வலிக்கிறவர்களும் இந்த நடையைச் செய்யக்கூடாது. நடக்கும்போது நெஞ்சு அடைத்தால் முதலில் இதயத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் கடைசிப் பேச்சு சும்மா சொன்னதில்லை. காலில் அடைத்தவருக்கு இதயத்திலும் கழுத்திலும் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். நடந்தால் வலி என்கிற கட்டத்தில் இருப்பவர்களில், காலை இழப்பவர்களைவிட மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் போகிறவர்களே அதிகம். மாத்திரைகளும் முக்கியமாக அதற்காகத்தான். ஆஸ்பிரின் 75 மி.கி. அல்லது குளோபிடோக்ரெல் 75 மி.கி. ரத்தம் கட்டாமல் பார்த்துக்கொள்ளும். அடோர்வாஸ்டாடின் 40 முதல் 80 மி.கி., அல்லது ரோசுவாஸ்டாடின் 20 மி.கி., கொழுப்பு ரிப்போர்ட் நார்மலாக இருந்தாலும் வேண்டும். கெட்ட கொழுப்பான எல்டிஎல் 70-க்குக் கீழே இறங்க வேண்டும், லேப் ரிப்போர்ட்டில் அச்சடித்திருக்கும் நார்மல் அளவு இவர்களுக்குப் பொருந்தாது. பிரஷர் 130/80-க்குள், மூன்று மாதச் சர்க்கரை பெரும்பாலானவர்களுக்கு 7 அருகில். ரத்தக்கசிவு ஆபத்து குறைந்த சிலருக்கு ஆஸ்பிரினோடு ரிவராக்சபான் 2.5 மி.கி. இரண்டு வேளை சேர்ப்பார்கள்.

நடை தூரத்தைக் கூட்டுவதற்கென்று உள்ள மாத்திரை சிலோஸ்டசால், வழக்கமாக 100 மி.கி. இரண்டு வேளை. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் அல்லது 2 மணி நேரம் கழித்துப் போட வேண்டும், சாப்பாட்டோடு போட்டால் தலைவலியும் படபடப்பும் கூடும். பலன் தெரிய 4 முதல் 12 வாரம் ஆகும். இதயம் பலவீனமாகி நீர் கோத்தவர்களுக்கு இதைக் கொடுக்கவே கூடாது. அல்சருக்கு ஓமிப்ரசோல் சாப்பிடுகிறீர்கள் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைப் பாதியாக்குவார். இந்த மாத்திரை வலியைத் தள்ளிப்போடும். அடைப்பைக் கரைக்காது. அடைப்பைக் கரைக்கும் என்று விற்கிற லேகியம், சாறு, பூண்டு-எலுமிச்சைக் கஷாயம் எதுவும் கரைப்பதில்லை.

இனி பாதம். ரத்தம் குறைந்த பாதத்துக்குச் சின்னக் காயமும் பெரிய செலவு. தோல் முழுதாக இருக்கும்வரை கொஞ்ச ரத்தத்தில் காலம் ஓட்டிவிடும். கிழிந்த தோல் ஆறுவதற்குப் பல மடங்கு ரத்தம் வேண்டும், அதுதான் அங்கே கிடையாது. டெல்டாவில் தோல் கிழிய வழியா இல்லை? நடவு வயலில் விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண், வரப்பில் கருவேல முள், சேற்றுக்குள் நண்டு, நத்தை ஓடு, பித்தவெடிப்பு, ஆணிக்கால், நகச்சுத்து. நாடி இல்லாத பாதத்தோடு சேற்றில் இறங்கவே வேண்டாம் என்பதுதான் சரியான யோசனை. இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஏறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, விரலிடுக்கு ஒவ்வொன்றையும் பழைய பருத்தித் துணியால் ஒற்றித் துடையுங்கள். தேங்காயெண்ணெய் குதிகாலுக்கும் பாதத்துக்கும் தடவலாம், விரலிடுக்கில் கூடாது, ஈரம் தங்கி ஊறிவிடும்.

தினமும் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். கண் மங்கினவர்களுக்கு வீட்டில் யாராவது பார்க்க வேண்டும். நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்டாதீர்கள். ஆணிக்காலுக்கு ஒட்டுகிற பிளாஸ்டரில் இருப்பது தோலை அரிக்கிற அமிலம், அது வேண்டாம். பிளேடால் சீவுவதும் வேண்டாம். செருப்பு எம்சிஆர் எனப்படும் மெத்தென்ற ரப்பர் வைத்ததாக, பின்பட்டை உள்ளதாக இருக்கட்டும். மாட்டும் முன் தலைகீழாகத் தட்டி, உள்ளே கைவிட்டுப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

சூடு பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். கால் சில்லென்று இருக்கிறதே என்று வெந்நீரில் முக்குவது, கல் உப்பு ஒத்தடம், சூடேற்றும் மின்சாரப் பட்டை எல்லாம் மரத்த பாதத்தை வேகவைத்துவிடும். சூடு தோலின் ரத்தத் தேவையையும் கூட்டிவிடும். குளிருக்குத் தளர்ந்த பருத்தி சாக்ஸ் போதும். தஞ்சைப் பெரிய கோயிலோ திருவாரூர்க் கோயிலோ, வெயில் நேரத்துக் கருங்கல்லில் வெறுங்காலோடு சுற்றினால் கொப்புளம் வருவது தெரியாது. காலை 8 மணிக்குள்ளோ பொழுது சாய்ந்த பிறகோ போங்கள், தடித்த சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 29-இல் கொடியேறும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் பாதயாத்திரை போகிறவர்களில் சர்க்கரைக்காரர்கள் நிறைய. நாடி இல்லாதவர்கள் பஸ்ஸில் போவதே நல்லது.

அடைப்பு முற்றியதற்கு அடையாளம் ராத்திரி வலி. படுத்த கொஞ்ச நேரத்தில் விரல்களும் முன்பாதமும் குடையும். எழுந்து காலைக் கட்டிலிலிருந்து தொங்கப்போட்டால் குறையும். அதனால் உட்கார்ந்தே தூங்கப் பழகிவிடுவார்கள். தொங்கப்போட்ட பாதம் செங்கருப்பாக இருக்கும், தூக்கிப் பிடித்தால் ஒரு நிமிடத்தில் சுண்ணாம்பாய் வெளுக்கும். சிவப்பைப் பார்த்து ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடக்கூடாது. ராத்திரி வலியோ, 2 வாரம் தாண்டியும் ஆறாத புண்ணோ, கருத்த விரலோ இருந்தால் ரத்தக்குழாய் அறுவை நிபுணரை அந்த வாரமே பார்க்க வேண்டும்.

அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: விரலை எடுக்கும் முன் ரத்த ஓட்டத்தைச் சரிசெய்ய முடியுமா? ரத்தம் வராத பாதத்தில் விரலை வெட்டினால் வெட்டிய இடமும் ஆறாது. அடுத்து பாதம், அடுத்து முழங்கால் என்று ஏறிக்கொண்டே போகும். வறண்டு கருத்த விரலை ஈரமாக்காமல், ஊறவைக்காமல், சுத்தமான காஸ் சுற்றி அப்படியே வைத்திருந்து, முதலில் பலூனோ பைபாஸோ செய்து ரத்தத்தை இறக்கிவிட்டுப் பிறகு வெட்டுவதே முறை. சீழும் நாற்றமும் காய்ச்சலும் இருந்தால் மட்டும் கதை மாறும். அன்றே சீழை வெளியேற்ற வேண்டும், ரத்த ஓட்டம் அதற்குப் பின்னால். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் முதல் நாளே எடுத்துப் போய்க் காப்பீட்டுப் பிரிவில் விசாரித்துவிடுங்கள்.

முழங்காலுக்குக் கீழே பலூன் போட்ட குழாய் சில மாதங்களில் மறுபடி குறுகுவது சகஜம். சிகிச்சை வீண் என்று அலுத்துக்கொள்ள வேண்டாம், அந்த இடைவெளியில் புண் ஆறிவிட்டால் வந்த வேலை முடிந்தது. ஆறிய தோலுக்குக் கொஞ்ச ரத்தமே போதும். ஸ்டென்ட் வைத்த பிறகு ரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுக்கிற இரண்டு மாத்திரைகளில் எதை எப்போது நிறுத்துவது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பல் பிடுங்கவோ கண் ஆபரேஷனுக்கோ போகும்போது நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கடைசியாக, ஒரே நாளில் வருகிற அடைப்பு. இதயத் துடிப்பு தாறுமாறாக உள்ளவர்கள், வால்வு கோளாறு உள்ளவர்கள், ஏற்கெனவே ஸ்டென்டோ பைபாஸோ உள்ளவர்களுக்குத் திடீரென்று ஒரு கால் மட்டும் கடுமையாக வலித்து, வெளுத்து, சில்லிட்டு, மரத்துப்போகும். விரல்களை அசைக்க முடியவில்லை என்றால் தசை சாகத் தொடங்கிவிட்டது. பொதுவாகச் சொல்லும் கெடு 6 மணி நேரம். வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் 100 கிலோமீட்டர் அளவு, பாதிக் கெடு ரோட்டிலேயே போய்விடும். அதனால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்காமல் உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். தேய்க்கக்கூடாது, ஒத்தடம் கூடாது, தலையணை மேல் காலைத் தூக்கி வைக்கக்கூடாது. உடம்பு மட்டத்திலோ கொஞ்சம் தாழ்வாகவோ வைத்து, ஒரு போர்வையைத் தளர்வாகப் போர்த்துங்கள். ஆபரேஷன் வரலாம் என்பதால் சாப்பிட எதுவும் கொடுக்க வேண்டாம். வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை ஒரு தாளில் எழுதி, சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளோடு சேர்த்துக் கொடுத்தனுப்புங்கள்.